நாலாம் லைன் பச்சை

ஜூன் 3, திங்கள்

இன்றைக்குக் கம்பெனியில் டேப்லெட் மாட்டினார்கள். ஒவ்வொரு தையல் மெஷினுக்கும் ஒன்று, சிலேட்டு அளவில், வளையும் கம்பியின் நுனியில். லைன் சூப்பர்வைசர் என்பதால் எனக்குத் தனியாகப் பெரியதாக ஒன்று. எந்நேரமும் அது என் கையிலேயே இருக்க வேண்டுமாம். பெற்ற மகனைக்கூட நான் இப்படித் தூக்கிக்கொண்டு திரிந்ததில்லை.

இத்தனை வருஷமாக நாலாம் லைனுக்கு ஒரு கரும்பலகைதான். மணிக்கு ஒரு தரம் லைன் மொத்தத்துக்கும் எத்தனை பனியன் முடிந்தது என்று சாக்பீஸால் எழுதுவேன். அதில் யார் எத்தனை தைத்தாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், பலகைக்குத் தெரியாது. இனிமேல் திருப்பூருக்கே தெரியும். காலையில் வந்ததும் தன் போட்டோவைத் தொட வேண்டும். ஒரு கட்டுத் துணி தைத்து முடித்தால் ஒரு தொடல். பாத்ரூம் போனால் 'வெளியே' என்பதைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். வேகமாகத் தைத்தால் போட்டோவைச் சுற்றிப் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், பின்தங்கினால் சிவப்பு. எல்லாருடைய நிறமும் என் டேப்லெட்டில் வரும். புரொடக்‌ஷன் மேனேஜர் தங்கவேல் சார் அறையிலும், முதலாளியின் போனிலும்கூட வருமாம்.

"உற்பத்தி கால்பங்கு கூடோணும். அதுக்குத்தான் இவ்வளவு செலவு. இந்தப் பொண்ணு சொல்றத எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார் சார்.

அந்தப் பெண் ரெஹானா. கோயம்புத்தூர் ஐடி கம்பெனி ஒன்றிலிருந்து காண்ட்ராக்ட்டில் வந்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். எங்கள் கழுத்து அட்டைக்கு நீல நாடா, அவளுக்கு மஞ்சள் நாடா, காண்ட்ராக்ட் ஆள் என்று தூரத்திலேயே தெரிவதற்கு. லிஸ்டில் பெயர் இல்லை என்று கேன்டீனில் அவளுக்குச் சாப்பாடு போடவில்லை. என் டப்பாவில் இருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியைக் கொடுத்தேன்.

"அக்கா, இது உங்களை வேவு பார்க்குறதுக்கு இல்ல. வேலை எங்க தேங்குதுன்னு காட்டத்தான்" என்றாள் வாய் நிறையச் சோற்றோடு. நான் கேட்கவே இல்லை. அவளாகச் சொன்னாள்.

தண்ணீர் வரும் நாள். குடங்களை நிரப்பிவிட்டேன். கால் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. பதினெட்டு வருஷமாக நின்ற கால்.

ஜூன் 5, புதன்

காலையிலிருந்து ஒருத்தியும் பாத்ரூம் போகவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பாத்ரூம் வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள் என்று ஜான்சி சொன்னாள். ஓவர்லாக் மெஷினில் உட்காருபவள், திண்டுக்கல்காரி, எதையும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். "இதத்தான் உற்பத்தின்னு சொல்றாங்களாக்கா?" என்றாள். வேலையைப் பார் என்றேன்.

ஜூன் 8, சனி

சிவப்பு, மஞ்சள், சிவப்பு. சார் இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டினார். மிக்ஸி பிளேடு உடைந்துவிட்டது.

ஜூன் 11, செவ்வாய்

கோகிலா இன்று என்னை அயர்ன் டேபிளுக்குப் பின்னால் கூப்பிட்டாள். தாராபுரத்துப் பெண். கழுத்துப் பட்டி வைத்துத் தைப்பவள். அமைதியானவள், மூன்று நாளாகச் சிவப்பிலேயே இருக்கிறாள். திட்ட வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன்.

"அக்கா, நாலு மாசம் நடக்குதுங்க்கா" என்றாள்.

எனக்குத் தெரியும், இதற்கு முன் இரண்டு போயிருக்கின்றன. இரண்டும் ஐந்தாம் மாதத்தில். இரண்டாவது போனபோது நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். அப்போது அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் கடைசிவரை திரும்பவே இல்லை. இந்தத் தடவை டாக்டர் முன்கூட்டியே கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறாராம். உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் செய்யலாம், நிற்கக் கூடாது, மாடி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்புறம் எதுக்குடி வர்ற? வீட்டுல இரு."

"இ.எஸ்.ஐ. அட்டையில நாள் பத்தலைங்க்கா. போன தடவை நின்னுட்டு மறுபடி புதுசாச் சேந்தேனில்லீங்களா. இன்னும் ரெண்டு மாசம் வந்துட்டா லீவு, ஆஸ்பத்திரி எல்லாம் கெடைக்கும். இப்பத் தெரிஞ்சா கம்பெனியில வேண்டாம்னுருவாங்க."

அது நிஜம். எங்கும் எழுதியிருக்காது, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். வயிறு தெரிந்தால் "ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்பார் சார். திரும்பி வந்தால் ஆள் நிரம்பிவிட்டது என்பார்.

"பாத்ரூம் அடிக்கடி போகோணும்ங்க்கா. ஒவ்வொரு தடவையும் அதைத் தொட்டுட்டுப் போனா செவப்பு ஆயிருது. செவப்புல இருந்தா மொதல்ல என்னையத்தான் வேலைய விட்டு எடுப்பாங்க."

அவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. நிஜமாகவே பாவமாக இருந்தது, அதை எழுதி வைக்கிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராதே என்றேன்.

ஜூன் 14, வெள்ளி

ஜான்சிதான் ஆரம்பித்தாள். கோகிலா சொல்லாமலே லைனில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பெண்களுக்கு இதற்கெல்லாம் டேப்லெட் வேண்டியதில்லை.

முன்பெல்லாம் ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் பக்கத்து மெஷின்காரி அவள் கட்டையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். பலகையில் மொத்தக் கணக்குத்தானே. இப்போது யார் தைத்தது என்று மெஷினுக்கு மெஷின் தெரிகிறது. அதற்கு ஜான்சி வழி கண்டுபிடித்திருக்கிறாள். தன் டேப்லெட்டில் தன் போட்டோவை விட்டுவிட்டு கோகிலாவின் போட்டோவைத் தொடுகிறாள். ஒரு கட்டு முடிக்கிறாள். மறுபடி தன் போட்டோவுக்கு வந்துவிடுகிறாள். கட்டு கோகிலா பெயரில் ஏறிவிடுகிறது.

"அக்கா, நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்றாள்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாயப்பட்டறை லாரி ஒன்று தெருவில் மாட்டிக்கொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20, வியாழன்

நாலாம் லைன் முழுக்கப் பச்சை. இது கோகிலாவுக்குக் கை கொடுத்ததால் மட்டும் வந்ததில்லை. தான் சிவப்பாகிவிடக் கூடாது என்று எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் பாதியை மெஷினிலேயே கழிக்கிறார்கள். சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி உண்டு என்று இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் தெரிந்தது.

கோகிலா பாத்ரூம் போகிறாள், தண்ணீர் குடிக்கிறாள். நேற்று டாக்டரிடம் காட்டியதில் பிள்ளை நன்றாக இருக்கிறதாம். எனக்கு ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்காரர் முக்கால்வாசியைத் தின்றுவிட்டார்.

ஜூன் 24, திங்கள்

ரெஹானா டேப்லெட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, கோகிலான்னு ஒருத்தங்க. உங்க லைன்ல மட்டும் இல்ல, இந்த பில்டிங்லயே அவங்கதான் முதல் இடம்."

 பச்சையில் இருந்தால் போதும் என்றுதானே நினைத்தோம். ஜான்சியைக் கேட்டால், தான் கொடுப்பது ஒன்றே ஒன்று என்கிறாள். அடுத்தவளும் ஒன்று என்கிறாள். அதற்கடுத்தவளும் ஒன்றுதான் என்கிறாள். லைனில் பாதிப் பேர் ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஒருத்தி கொடுப்பது இன்னொருத்திக்குத் தெரியாமல். கொடுத்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்ற பெருந்தன்மை வேறு. புண்ணியவதிகள்.

"'வெளியே'ன்னு தொட்டுட்டுப் போன நேரத்துலகூட அவங்க பேர்ல கட்டு ஏறுது. அது எப்படிக்கா?" என்றாள் ரெஹானா.

"அவ கை வேகம். போறதுக்கு முன்னாடி முடிச்சது லேட்டா ஏறியிருக்கும். உங்க நெட்டு அப்படி."

அவள் அந்த நேரத்தைத் திரையில் விரலால் பெரிதாக்கி இன்னொரு தடவை பார்த்தாள். "சரிக்கா" என்று போய்விட்டாள். அவளுக்கும் மாதாமாதம் காண்ட்ராக்ட் நீட்டிக்க வேண்டும் போல. உற்பத்தி கிராப் ஏறினால்தான் நீட்டிப்பார்கள் என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

ஜான்சியிடம் இனிமேல் குறைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆனால் சட்டென்று குறைத்தாலும் சந்தேகம் வரும்.

ஜூன் 29, சனி

முதலாளி வந்திருந்தார். கோகிலாவை முன்னால் கூப்பிட்டு, கைதட்டச் சொல்லி, அவள் போட்டோவை வாசல் பக்கத்து டிவியில் பெரிதாகப் போட்டார்கள். அவள் துப்பட்டாவை வயிற்றுக்கு முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்கம் என்று நினைத்து எல்லாரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அவள் புருஷன் அந்த டிவிப் படத்தை போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறானாம்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எங்கள் கீழ்த்தளம் முழுவதற்கும் ஓர் இன்சார்ஜ் போடப் போகிறார்களாம். "உங்க லைன் நம்பரைப் பார்த்துட்டு முதலாளியே உங்க பேரச் சொன்னாருங்க. கண்ணாடி ரூம், நாற்காலி, ஃபேன் எல்லாம் உண்டு" என்றார். எனக்கு நாற்பத்தாறு. சூப்பர்வைசர்களில் என்னைவிட வயதானவர்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை. இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை. நாற்காலி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கால் எப்படி இளகியது என்று எனக்குத்தான் தெரியும்.

ஜூலை 2, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. ஜான்சியிடம் சொல்ல நேரமில்லை.

ஜூலை 4, வியாழன்

மூன்றாம் மாடியில் புது லைன் போடுகிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி கேட்டபடி, நின்றுகொண்டே தைக்கும் லைன். நாற்காலியே கிடையாது. உட்கார்ந்து எழுந்திருக்கும் நேரம் மிச்சமாம். அதற்கு எந்தெந்த ஆட்கள் என்று டேப்லெட்டே பெயர் சொல்லும்படி ரெஹானா செய்திருக்கிறாள். சார் அறையில் திரையைத் திறந்தார்கள். முதல் பெயர் கோகிலா.

 காலையிலேயே கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மேல ஆளெடுக்கறாங்களாமா. என்னைய மட்டும் வேண்டாம்னு சொல்லிருங்க்கா. என்ன காரணம்னாச்சும் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க." நான் சொல்கிறேன் என்றிருந்தேன்.

"ஏனுங்க இந்திராணி, உங்க கெட்டிக்காரியத் தூக்கிட்டுப் போறோம்னு கோவமா?" என்றார் சார்.

அதெல்லாம் இல்லைங்க சார் என்றேன். அவள் கழுத்துப் பட்டி வேலைக்குத்தான் பழக்கம், அது இதுவென்று ஏதோ சொன்னேன். "முதல் எடத்துல இருக்கறவளுக்குப் பழக ஒரு நாள் போதுமுங்க" என்றார். ரெஹானா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணிக்கை கோகிலாவுடையது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் சாருக்குப் போன் வந்துவிட்டது.

போனைப் பேசி முடித்தார். "வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா?" என்றார்.

இல்லை என்றேன்.

இதை ஒன்றும் நான் பயந்துபோய்ச் செய்யவில்லை. சொல்லியிருந்தால் லைன் முழுக்கப் பொய்க் கணக்கு என்று ஆகும், ஜான்சி முதற்கொண்டு அத்தனை பேர் வேலையும் போகும். கோகிலாவின் வயிறும் வெளியே தெரியும். யோசித்துப் பார்த்தால் சொல்லாததுதான் எல்லாருக்கும் நல்லது. இரண்டு மூன்று நாள் கழித்து வேறு காரணம் சொல்லிக் கீழே இறக்கிவிடலாம்.

ஜூலை 5, வெள்ளி

கோகிலா மூன்றாம் மாடிக்குப் போனாள். லிப்ட் சரக்குக்கு மட்டும்தான். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் கீழே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். குறை சொல்லும் பார்வை இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜான்சி நேரே வந்து கேட்டாள். "நீங்க சார்கிட்டச் சொல்லலையாக்கா?"

"சண்டையே போட்டேன். மெஷின் சொன்னதுதான் கணக்குன்னுட்டார். நான் என்ன பண்றது?" என்றேன்.

வேறு என்ன சொல்ல முடியும்? லைன் நடக்க வேண்டாமா?

ஜூலை 9, செவ்வாய்

ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். ஜிப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிற சாக்கு. கோகிலா மெஷின் மேஜையில் இடுப்பைச் சாய்த்து நின்று தைத்துக்கொண்டிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாருக்கு மேலே சதை வழிந்திருந்தது. அவள் போட்டோவைச் சுற்றிச் சிவப்பு. புது லைனின் சூப்பர்வைசர் வாலிபன். "முதல் இடம்னு அனுப்புனீங்க. இதுதானா அந்த முதல் இடம்?" என்றான்.

"வலிக்குதா?" என்று காதோடு கேட்டேன்.

"இடுப்பு மட்டும்ங்க்கா. சனிக்கெழம டாக்டர்கிட்டப் போறேன். நீங்க மறுக்கா ஒருக்கச் சொல்லிப் பாருங்க."

அப்போதே அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் வியாழக்கிழமை முதலாளி கையெழுத்துப் போடுகிறார், இன்சார்ஜ் விஷயம். அது முடிந்ததும் முதல் வேலையாக அவளைக் கீழே கொண்டுவருவது என்று வைத்திருக்கிறேன். சனிக்கிழமை. அல்லது வெள்ளியேகூட.

ஜூலை 12, வெள்ளி

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மேலே சத்தம் கேட்டது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை வருஷத்தில் வேலை நேரத்தில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை.

ஜான்சிதான் முதலில் ஓடினாள், 'வெளியே' என்று தொடாமல். அவள் பின்னால் நாலாம் லைன் மொத்தமும். நான் போனபோது கோகிலாவைத் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். தைத்த துணிகளை மடித்து அவளுக்குக் கீழே கொடுத்திருந்தார்கள். வெள்ளைத் துணிகள். சரக்கு லிப்டில்தான் கீழே இறக்கினோம். இன்றைக்கு அதில் ஆள் ஏறலாம்.

 ஆம்புலன்சில் ஏற்றும்போது கோகிலா "தையல் பிரிஞ்சிருச்சுங்க்கா" என்றாள்.

ஜூலை 13, சனி

போய்விட்டது. பெண் குழந்தை.

ஆஸ்பத்திரி வரை போனேன். வார்டுக்குள் போகவில்லை. வராண்டாவில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். விசைத்தறி ஓட்டுகிறவன், வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான், தலையெல்லாம் பஞ்சு. "மொத எடம் வந்தான்னு நான்தானுங்க ஊரெல்லாம் காட்டுனேன்" என்றான். "இம்புட்டு வேலை செய்யாத கண்ணுன்னு ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கோணும்." அவள் அப்படியொன்றும் வேலை செய்யவில்லை தம்பி, பிறர் செய்தது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். வாங்கிப்போன ஆப்பிள்களை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 15, திங்கள்

சார் மீட்டிங் வைத்தார். "வயித்துல இருக்குதுன்னு மறைச்சு வேலைக்கு வந்தா கம்பெனி என்னங்க பண்ணும்? யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்றார். யாரும் பேசவில்லை. நானும்தான்.

கோகிலாவின் லீவை நான்தான் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். காரணம் கேட்டது. காய்ச்சல், திருவிழா, துக்கம், சொந்த வேலை. துக்கத்தைத் தொட்டேன். யார் என்று கேட்டது. பிள்ளை என்று தொட்டேன். பெயர் கேட்டது. பெயர் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்றது. திரும்பி வந்து 'சொந்த வேலை' என்று போட்டேன்.

சாயங்காலம் ரெஹானா என்னை மாடிப்படி அருகில் நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது.

"ஜூன் மாசமே உங்ககிட்டக் கேட்டேன்க்கா. கை வேகம்னீங்க. நான் நம்பலை. நம்பின மாதிரி ரிப்போர்ட் எழுதினேன். கிராப் எறங்குனா என் காண்ட்ராக்ட் அந்த மாசத்தோட சரி, அதனால எழுதினேன். மேல லைனுக்குப் பேர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"அவங்க வயித்துல பிள்ளை இருந்தது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

நேற்று வந்தவள். மஞ்சள் நாடாக்காரி. எலுமிச்சை சாதம் கொடுத்த கைக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும். எனக்கு அப்படிக் கோபம் வந்தது, என் தெருவையே தாண்டி நடந்துவிட்டேன். கோபம்தான் அது.

ஜூலை 17, புதன்

ரெஹானா சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நாலாம் லைன் கணக்கு பல பேர் கை சேர்ந்தது, அந்த எண்ணை நம்பித்தான் கோகிலாவை மேலே அனுப்பினோம், இதை முதலாளிக்கு எழுத வேண்டும் என்று. சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அந்தக் கிராப்பை வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டியாகிவிட்டது, இனிமேல் அது பொய்யாக முடியாதாம். மத்தியானம் ரெஹானாவின் அட்டையை வாங்கிக்கொண்டார்கள். யாரும் வழியனுப்பவில்லை. வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவளை ஜன்னலிலிருந்து பார்த்தேன். போகும் முன் ஜான்சியிடம் ஏதோ பேசிவிட்டுப் போனாள்.

நாளைக்கே வேறு ஆள் வருகிறான் என்றார் சார். அதே ஏஜென்சியாம்.

ஜூலை 22, திங்கள்

இன்றைக்குக் கீழ்த்தள இன்சார்ஜாகப் பொறுப்பு எடுத்தேன். கண்ணாடி அறை, நாற்காலி, ஃபேன். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தேன். கால் வலி குறையவில்லை. பழக்கம் இல்லாததால் இருக்கும்.

வீட்டுக்காரர் கேசரி கிண்டச் சொன்னார். கிண்டினேன். அடி பிடித்துவிட்டது.

ஜூலை 30, செவ்வாய்

ஜான்சி என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசுவதில்லை. நாலாம் லைனில் இப்போது யாரும் யாருடைய போட்டோவையும் தொடுவதில்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் சிவப்பில் இருக்கிறாள், அவ்வளவுதான். புது ஐடி ஆள் வந்து, இப்போதுதான் கணக்கு சுத்தமாக வருகிறது என்று பாராட்டிவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கோகிலா வந்துவிட்டாள். அவளைத் திரும்ப எடுக்கவைத்தது நான்தான். இன்சார்ஜ் ஆன பிறகு சாரிடம் நான் பிடிவாதமாகக் கேட்ட முதல் காரியம் அதுதான், நாலாம் லைனில் பழைய இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும் என்று. கேட்டதும் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

இளைத்துவிட்டாள். சுடிதார் தோளில் தொங்குகிறது. ஒரு கட்டை எடுத்து விரித்துவிட்டு, எதை எதோடு வைப்பது என்று மறந்தவள் போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வரை சிவப்புதான். அக்கம்பக்கத்தில் யாரும் தலை தூக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் என் கண்ணாடி அறைக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஜான்சியக்கா அன்னைக்கே சொன்னாங்க. நான் மேல போகக் கூடாதுன்னு நீங்க சார்கிட்டச் சண்டை போட்டீங்களாமா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜான்சி டப்பாவைத் திறக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சார் அறையில் கூடவே நின்ற ரெஹானா அவளிடம் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கோகிலாவிடம் அதை ஜான்சி சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கோகிலாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. அவளிடம் மிச்சமிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

"எங்க வூட்டுல எல்லாரும் கம்பெனியத் திட்டித் தீத்துட்டாங்க. யாருமே மனுசங்க இல்லைன்னாங்க. நான்தான் சொன்னேன், இந்திராணியக்கா ஒருத்தராச்சும் எனக்காகக் கேட்டாங்கன்னு. அங்க படுத்திருந்தப்ப அதைத்தானுங்க்கா நெனச்சுக்கிட்டே கெடந்தேன். கேட்டீங்கதானுங்க்கா?"

ஆமாம், கேட்டேன் என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள்.